வாழிட உரிமை யார் கையில்?

சில மாதங்களுக்கு முன்பு ஓர் இரவு, என் பழைய மாணவி ஒருவர் அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். என்னிடம் முதுகலைப் பொருளாதாரம் பயின்று வகுப்பில் முதலிடம் பெற்றவர். இரண்டு ஆண்டுகள் தனியார் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராகப் பணியாற்றிய பின், மென்பொருள் பொறியாளர் ஒருவரை மணந்து கடல் கடந்தவர். நலம் விசாரித்து முடித்ததும், "சார், எனக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மறுபடியும் எம்.ஏ. சேரப் போகிறேன்" என்றார்.

நாற்பதை நெருங்கும் வயதில் மீண்டும் படிக்க விழைகிறாரே என்று மகிழ்ந்தேன். காரணத்தைக் கேட்ட பின் அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. கணவர் மணமுறிவு கோரி வழக்குத் தொடுத்திருக்கிறார். இவர் அந்நாட்டில் வாழ்வது எச்-4 எனப்படும் சார்பு விசாவில். மணமுறிவு உறுதியாகும் நாளில் அந்த விசாவின் அடிப்படையே அற்றுப்போகும். ஒன்பது வயது மகன் அங்கே பிறந்தவன். பிறப்பால் அமெரிக்கக் குடிமகன். தந்தையின் ஒப்புதலோ நீதிமன்றத்தின் அனுமதியோ இல்லாமல் அவனை இந்தியாவுக்கு அழைத்து வருவது, 1993-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகக் கருதப்படக்கூடும். மகன் வாழும் ஊரில் தாயும் வாழ்வதற்கு அவர் முன் திறந்திருந்த கதவு மாணவர் விசா ஒன்றுதான்.

அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதவாறு இதை எழுதுகிறேன். அந்த மணவாழ்க்கை ஏன் கசந்தது என்பது நமக்குத் தேவையற்றது. இரு தரப்பிலும் நியாயங்கள் இருக்கலாம். ஒரு குடும்பம் பிரியும்போது, அதில் ஒருவர் மட்டும் நாட்டையே விட்டு வெளியேற வேண்டியிருப்பது ஏன் என்பதே நம் கேள்வி.

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் பணியாற்றுவோரின் கணவர் அல்லது மனைவிக்கு வழங்கப்படுவது எச்-4. இது தற்காலிகமானது என்பதுதான் சட்டத்தின் கூற்று. ஆனால், இந்தியர்களைப் பொறுத்தவரை அந்தத் தற்காலிகம் ஒரு தலைமுறைக் காலம் நீள்கிறது. வேலைவாய்ப்பின் அடிப்படையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 பேருக்கு நிரந்தர வாழிட உரிமையான கிரீன் கார்டு வழங்கப்படுகிறது. இதில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் பெற முடியாது. ஐஸ்லாந்துக்கும் அதே 7 சதவீதம், இந்தியாவுக்கும் அதே 7 சதவீதம். ஆகவே, இந்தியர்களின் வரிசை பல பத்தாண்டுகளுக்கு நீண்டுவிட்டது. ஆறு ஆண்டுகளில் முடிய வேண்டிய எச்-1பி விசா, வரிசையில் நிற்போருக்கு மட்டும் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்படுகிறது.

அந்த வரிசையில் கணவரும் மனைவியும் சேர்ந்தே நிற்கிறார்கள். வீடு வாங்குகிறார்கள், வரி கட்டுகிறார்கள், குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கிறார்கள். மணவாழ்க்கை முறிந்தால், கணவரின் இடம் வரிசையில் அப்படியே இருக்கும். மனைவியின் இடம் அழிக்கப்பட்டுவிடும். பத்தாண்டுக் காத்திருப்பில் ஒரு நாளைக்கூட அவர் தன் கணக்கில் கொண்டுசெல்ல முடியாது. எச்-4 விசாவில் உள்ளோரில் ஒரு பிரிவினர் வேலை செய்யலாம் என்று 2015 மே மாதம் விதி வந்தது. கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மணமுறிவோடு அந்த வேலை அனுமதிக்கும் ஆதாரம் இல்லாமற்போகும். பிறப்பால் குடியுரிமை பெற்ற மகனோ மகளோ தாய்க்காக விண்ணப்பிக்க 21 வயது நிரம்ப வேண்டும். சட்டம் 'மனைவி' என்று சொல்லவில்லை. 'வாழ்க்கைத் துணை' என்றே சொல்கிறது. மனைவியின் விசாவைச் சார்ந்து வாழும் ஆண்களுக்கும் இதே நிலைதான். ஆயினும், நம் குடும்பங்களிலிருந்து இப்படிச் செல்வோரில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை நாம் அறிவோம்.

இதே அமெரிக்காவில் ஓர் அமெரிக்கக் குடிமகனை மணந்த இந்தியப் பெண்ணின் நிலை முற்றிலும் வேறு. போலித் திருமணங்களைத் தடுக்க 1986-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் வாழிட உரிமை பெறுவோருக்கு முதலில் இரண்டு ஆண்டுகளுக்கு நிபந்தனைக்குட்பட்ட உரிமையே கிடைக்கும். அதன் முடிவில் கணவனும் மனைவியும் கூட்டாக விண்ணப்பித்து நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும். இடையில் மணமுறிவு ஏற்பட்டால், அந்தத் திருமணம் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டது என்பதை மெய்ப்பித்து, தனியாகவே விண்ணப்பிக்கலாம். குடிமகனோ நிரந்தர வாழிட உரிமை பெற்றவரோ கொடுமைப்படுத்தினால், அவருடைய துணையின்றித் தானே மனுச் செய்யும் உரிமையை 1994-ஆம் ஆண்டின் பெண்களுக்கெதிரான வன்முறைச் சட்டம் வழங்கியது.

இரண்டு பெண்களும் ஒரே ஊரில், ஒரே தெருவில் வசிக்கலாம். இருவரது திருமணமும் உண்மையானதாக இருக்கலாம். ஒருவர் ஓராண்டு வாழ்ந்திருக்கலாம். மற்றவர் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்திருக்கலாம். ஓராண்டு வாழ்ந்தவருக்கு வழி இருக்கிறது, பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு இல்லை. இருவருக்கும் உள்ள வேறுபாடு கணவர் கையில் இருக்கும் ஆவணம் மட்டுமே. கொடுமைக்கு ஆளான எச்-4 பெண்கள் வேலை அனுமதி கோரலாம் என்று பின்னர் ஒரு சட்டத்திருத்தம் வந்தது உண்மைதான். ஆனால், அந்த அனுமதி வாழிட உரிமையைத் தருவதில்லை.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இதன் இன்னொரு விளைவைச் சொல்ல வேண்டும். குடும்பம் என்பது ஒரே மனம், ஒரே விருப்பம் கொண்ட அலகு என்று பழைய பாடநூல்கள் எழுதின. 1980-களிலிருந்து அந்தக் கருத்து மாறிவிட்டது. குடும்பத்துக்குள் ஒத்துழைப்பும் உண்டு, முரண்பாடும் உண்டு. அவற்றுக்கிடையே நடப்பது ஒருவகைப் பேரம் என்று அமர்த்திய சென் உள்ளிட்டோர் விளக்கினர். அந்தப் பேரத்தில் ஒருவரின் வலிமை, உறவு முறிந்தால் தன் கதி என்னவாகும் என்பதைப் பொறுத்தது. வெளியே போனாலும் வாழ முடியும் என்றிருப்பவரின் சொல்லுக்கு வீட்டுக்குள் மதிப்பு இருக்கும். வெளியே போனால் குழந்தையையும் வேலையையும் நாட்டையும் ஒருசேர இழக்க நேரும் என்றிருப்பவர் வாய் திறப்பதற்கே அஞ்சுவார்.

இது வெறும் கோட்பாடு அன்று. அமெரிக்க மாநிலங்கள் பலவும் 1970-களை ஒட்டி, துணையின் சம்மதமின்றியே மணமுறிவு பெறும் உரிமையை வழங்கின. ஒவ்வொரு மாநிலமும் வெவ்வேறு ஆண்டில் வழங்கியதால், முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. பெட்ஸி ஸ்டீவன்சன், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் ஆகிய பொருளாதார அறிஞர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அத்தகைய மாநிலங்களில் குடும்ப வன்முறை சுமார் 30 சதவீதம் குறைந்தது. பெண்களின் தற்கொலை 8 முதல் 16 சதவீதம் வரை குறைந்தது. இவ்வளவு பெரிய மாற்றத்தை, மணமுறிவு பெற்றுச் சென்றவர்களை மட்டும் கொண்டு விளக்கிவிட முடியாது. வெளியேறும் வாய்ப்பு இருக்கிறது என்பதே, வெளியேறாத வீடுகளிலும் நடத்தையை மாற்றியிருக்க வேண்டும். வாழிட உரிமையைத் துணையின் கையில் கொடுக்கும் குடியேற்றச் சட்டம் இதற்கு நேர்மாறான திசையில் செயல்படுகிறது.

அரசுகள் சொல்லும் காரணத்தையும் புறந்தள்ள முடியாது. வாழிட உரிமைக்காகவே நடத்தப்படும் போலித் திருமணங்கள் உண்டு. பணம் பெற்றுக்கொண்டு மணம் செய்து, அட்டை கைக்கு வந்ததும் பிரிந்துவிடும் ஏற்பாடுகள் உலகெங்கும் நீதிமன்றங்களில் அம்பலமாகியுள்ளன. யாரைத் தன் மண்ணில் வாழவிடுவது என்று முடிவெடுக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. ஆனால், ஒரு திருமணம் தொடக்கத்தில் உண்மையாக இருந்ததா என்பதும், அது இறுதிவரை நீடித்ததா என்பதும் இரு வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு விடை காண வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, வரி ஆவணங்கள், பிறந்த குழந்தை என எத்தனையோ சான்றுகள் உண்டு. இரண்டாவது கேள்வியைக் கேட்டு முதல் கேள்விக்கு விடை சொல்வது தவறான ஆய்வு முறை. மாணவர் ஒருவர் இப்படி ஓர் ஆய்வேட்டைக் கொண்டுவந்தால், திருத்தி எழுதி வருமாறு திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஐரோப்பா இந்தக் கேள்விக்குப் பலவகையான விடைகளை முயன்று பார்த்திருக்கிறது. ஜெர்மனியில், அந்நாட்டில் மூன்று ஆண்டுகள் இணைந்து வாழ்ந்திருந்தால், பிரிவுக்குப் பின் அயல்நாட்டுத் துணைக்கு முதற்கட்டமாக ஓராண்டுக்குத் தனி உரிமை கிடைக்கும். அந்த ஓராண்டில் அரசின் சமூக உதவியைப் பெற்றாலும் அது தடையாகாது. சொந்தக் காலில் நிற்க அவகாசம் தரும் ஏற்பாடு இது. அங்கே முன்பு நான்கு ஆண்டுகளாக இருந்த நிபந்தனை 2000-இல் இரண்டாகக் குறைக்கப்பட்டது. போலித் திருமணங்களைத் தடுப்பதற்கென்று 2011-இல் மூன்றாக உயர்த்தப்பட்டது. பிரிட்டனில் இரண்டாண்டுகளாக இருந்த சோதனைக் காலம் 2012-இல் ஐந்தாண்டுகளானது. குடும்ப வன்முறைக்கு ஆளானோர்க்குத் தனி வழி உண்டு. பிரிட்டிஷ் குடியுரிமை கொண்ட குழந்தையின் தாய் அல்லது தந்தை என்ற முறையில் விண்ணப்பிக்கவும் வழி உண்டு. மற்றவர்களுக்குப் பிரிவு என்பது பெரும்பாலும் புறப்பாடுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு நெறிமுறை, ஒன்றியத்தின் வேறொரு நாட்டில் குடியேறிய ஐரோப்பியக் குடிமக்களின் அயல்நாட்டுத் துணைகளுக்குப் பாதுகாப்பளிக்கிறது. மணமுறிவு வழக்குத் தொடங்கும் முன் மூன்றாண்டு மணவாழ்க்கையும், அதில் ஓராண்டு அந்நாட்டு வாழ்க்கையும் இருந்தால் உரிமை நீடிக்கும். ஆனால், அயர்லாந்து வழக்கு ஒன்றில் 2015-இல் ஒன்றியத்தின் நீதிமன்றம் இதற்கு ஓர் எல்லை வகுத்தது. மணமுறிவு வழக்குத் தொடங்குவதற்கு முன்பே ஐரோப்பியத் துணை நாட்டைவிட்டுப் போய்விட்டால், எஞ்சியவரின் உரிமை அப்போதே முடிந்துவிடும் என்றது. ஒருவர் விமானச் சீட்டு வாங்கியதாலேயே மற்றவர் உரிமையிழக்கும் நிலை. குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களின் வழக்கில் 2021-இல் அதே நீதிமன்றம் இதைத் தளர்த்தியது.

வன்முறைக்கு ஆளானவர்களுக்கு மட்டும் விலக்கு அளிப்பதையே பல நாடுகள் போதுமான தீர்வாகக் கருதுகின்றன. அந்த விலக்கு அவசியமானது. ஆனால், போதுமானது அன்று. மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதை, மொழி தெரியாத நாட்டில், காவல் நிலையத்துக்குச் செல்லவே அஞ்சும் ஒரு பெண் எப்படி மெய்ப்பிப்பார்? அடிக்காமலேயே ஆண்டுக்கணக்கில் பேசாமலிருந்த கணவரைப் பற்றி எந்த மருத்துவச் சான்றிதழ் கிடைக்கும்? அதோடு, அடிபட்டதாகச் சொன்னால்தான் தங்க முடியும் என்று சட்டம் வகுத்தால், கண்ணியமாகப் பிரிய நினைப்பவரையும் அது குற்றஞ்சாட்டத் தூண்டும். இதனால் பொய்ப் புகார் என்ற ஐயம் உண்மையான புகார்களின் மீதும் படியும். இணைந்து வாழ்ந்த ஆண்டுகளையும் குழந்தையின் நலனையும் அடிப்படையாகக் கொண்டு உரிமை வழங்கினால், யாரும் யாரையும் பழிசுமத்த வேண்டியதில்லை.

பெண்களுக்கெதிரான வன்முறையைத் தடுக்க ஐரோப்பிய கவுன்சில் 2011-இல் உருவாக்கிய இஸ்தான்புல் உடன்படிக்கையின் 59-ஆவது பிரிவு இதைப் பற்றியதே. உறவு முறியும்போது, மிகக் கடினமான சூழலில் இருக்கும் துணைக்கு, மணவாழ்க்கையின் கால அளவைப் பாராமல் தனி வாழிட உரிமை வழங்க வேண்டும் என்கிறது அது. ஜெர்மனி இந்தப் பிரிவின் சில பகுதிகளை ஏற்காமல் ஒதுக்கி வைத்திருந்து, 2023-இல்தான் முழுமையாக ஏற்றது. பிரிட்டன் 2022-இல் உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்தபோது இப்பிரிவை ஒதுக்கி வைத்தது. பெண்களைக் காப்போம் என்று கையெழுத்திடும் அரசுகள், அந்தப் பெண் அயல்நாட்டவர் என்றதும் தயங்குகின்றன.

பிற நாடுகளைக் குறைகூறும் முன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்த அயல்நாட்டவர், திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டுகள் நீடித்தபின், ஓசிஐ எனப்படும் கடல்கடந்த இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். குடியுரிமைச் சட்டத்தில் 2015-இல் சேர்க்கப்பட்ட ஒரு விதி, திருமணம் சட்டப்படி முறிந்தால் அந்த அட்டையை ரத்து செய்யலாம் என்கிறது. எத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தார், குழந்தைகள் உண்டா, யாரால் பிரிவு நேர்ந்தது என்று அந்த விதி வேறுபாடு காட்டவில்லை. சென்னையிலோ புதுச்சேரியிலோ இருபது ஆண்டுகள் வாழ்ந்து, தமிழ் பேசி, பிள்ளைகளை இங்கேயே வளர்த்த ஓர் அயல்நாட்டு மருமகள் மணமுறிவுக்குப் பின் எந்த உரிமையில் இங்கே இருப்பார்? அமெரிக்காவில் நம் பெண்ணுக்குக் கேட்கும் நியாயத்தை இங்கே அவருக்கு நாம் மறுக்க முடியாது.

அயல்நாட்டுத் திருமணங்கள் குறித்து நாம் பேசாமல் இல்லை. வெளிநாடு வாழ் இந்தியர்களின் திருமணங்களை முப்பது நாள்களுக்குள் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கும் மசோதா 2019 பிப்ரவரியில் மாநிலங்களவையில் அறிமுகமானது. இதே பொருள் குறித்துச் சட்ட ஆணையம் 2024-இல் தன் 287-ஆவது அறிக்கையை அளித்தது. இவற்றில் மேலோங்கி நிற்கும் கவலை, ஏமாற்றி மணந்து கைவிட்டுச் செல்லும் கணவர்களைப் பிடிப்பது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால், பத்தாண்டுகள் உடன் வாழ்ந்தபின் அங்கேயே பிரியும் பெண்ணின் நிலைக்குக் கடவுச்சீட்டை முடக்குவது விடையாகாது. குழந்தைகளை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கொண்டுசெல்வது குறித்த 1980-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவில்லை. அதில் சேர்ந்தால், கொடுமைக்குத் தப்பிக் குழந்தையோடு வரும் தாய்மார்கள் பாதிக்கப்படுவர் என்பது இங்கே முன்வைக்கப்படும் முக்கியமான எதிர்வாதம். அந்தத் தாய் அங்கேயே சட்டப்படி தங்கியிருக்க முடிந்தால், தப்பி வர வேண்டிய கட்டாயமே பெருமளவு குறையும் என்பதையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

என் பார்வையில் நான்கு மாற்றங்கள் தேவை. சட்டப்பூர்வமாக மூன்று ஆண்டுகள் இணைந்து வாழ்ந்த துணைக்கு, பிரிவுக்குப் பின் குறைந்தது ஓராண்டுக்குத் தனி வாழிட உரிமையும் வேலை செய்யும் உரிமையும் வேண்டும். குழந்தையின் பொறுப்பையோ சந்திக்கும் உரிமையையோ நீதிமன்றம் வழங்கியிருக்கும் வரை, அந்நாட்டில் தங்கும் உரிமையும் அதனுடன் இணைந்திருக்க வேண்டும். ஒரு நீதிமன்றம் வாரம் இரண்டு நாள் மகனைப் பார்க்கலாம் என்று உத்தரவிட, குடியேற்றத் துறை நாட்டைவிட்டுப் போ என்று சொல்வது முரண்பாடு. வன்முறைக்கு ஆளானோர்க்குக் கால நிபந்தனை கூடாது. கிரீன் கார்டு வரிசையில் காத்திருந்த ஆண்டுகள் இருவர் கணக்கிலும் சேர வேண்டும். கூட்டாகச் சேர்த்த சொத்தைப் பிரிக்கும்போது இருவருக்கும் பங்கு தருகிறோம். கூட்டாகக் காத்திருந்த காலமும் அப்படிப்பட்ட சொத்துதான்.

இவற்றை வாஷிங்டனோ லண்டனோதான் செய்ய வேண்டும். எனினும், புது தில்லி கேட்கலாம். எச்-1பி விசாக்களின் எண்ணிக்கை, கட்டணம் ஆகியவற்றுக்காக நம் அமைச்சர்கள் குரல் கொடுக்கிறார்கள். எச்-4 விசாவில் இருப்போரின் பிரிவுக்குப் பிந்தைய உரிமைக்காகவும் அவர்கள் பேச வேண்டும். ஓசிஐ விதியைத் திருத்திவிட்டுக் கேட்டால் அந்தக் குரலுக்கு வலிமை கூடும். கைவிடப்பட்ட பெண்களுக்குச் சட்ட உதவி வழங்க, 2009-இல் தொடங்கப்பட்ட இந்தியச் சமூக நல நிதி நம் தூதரகங்களிடம் உள்ளது. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலனுக்கெனத் தனித் துறையே இருக்கிறது. விசா நிலை குறித்த சட்ட ஆலோசனையை, பிரச்னை முற்றிய பின்னர் அன்றி, பெண்கள் புறப்படும் முன்பே இந்த அமைப்புகள் வழங்கலாம்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிக்கிறோம், சொந்த வீடு உண்டா என்று கேட்கிறோம், ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் பார்க்கிறோம். நம் பெண் அந்த நாட்டில் எந்த விசாவில் இருப்பாள், அவளால் வேலை செய்ய முடியுமா, அவள் பெயரில் எந்த உரிமை எப்போது வரும் என்று எத்தனை பேர் கேட்கிறோம்? இந்தக் கேள்விகளைக் கேட்பது அபசகுனம் ஆகாது. என் மாணவியின் தந்தை என்னிடம் அழைப்பிதழ் கொடுக்க வந்தபோது, பொருளாதாரப் பேராசிரியனான நானும் கேட்கவில்லை. "நல்ல இடம், வாழ்த்துகள்" என்றுதான் சொன்னேன்.

பரிந்துரைக் கடிதத்தை எழுதி அனுப்பிவிட்டேன். கூர்மையான ஆய்வு மனம் கொண்டவர், உழைப்பாளி என்று அதில் எழுதியதெல்லாம் உண்மை. அமெரிக்க மாணவர் விசாவுக்கு இன்னொரு நிபந்தனை உண்டு: படிப்பு முடிந்ததும் தாய்நாட்டுக்குத் திரும்பிவிடும் எண்ணம் உள்ளவர் என்று விண்ணப்பிப்பவர் அதிகாரிகளை நம்ப வைக்க வேண்டும். மகன் வளரும் வரை அவனருகில் இருப்பதற்காகவே படிக்கச் செல்லும் தாய், திரும்பிவிடுவேன் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டியிருக்கிறது. "அந்த இடத்தில் என்ன எழுதுவது சார்?" என்று அவர் கேட்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர்களின் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகிய எனக்கு, அன்று சொல்வதற்கு ஒன்றும் தோன்றவில்லை.